வில்லிஸ் ஜீப் திசைமாற்றித் தளர்வு

வில்லிஸ் ஜீப் திசைமாற்றித் தளர்வு என்பது வில்லிஸ் வகை ஜீப்புகளிலும் அவற்றின் வடிவமைப்பைப் பின்பற்றிய பழைய வாகனங்களிலும், திசைமாற்றி வளையத்தைத் திருப்பினாலும் முன்சக்கரங்கள் உடனே திரும்பாத நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது ஸ்டியரிங் ஆட்டம், ஸ்டியரிங் பிளே, ஸ்டியரிங் லூசு எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. வளையத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே உள்ள மூட்டுகள், தாங்கிகள், திசைமாற்றிப் பெட்டி ஆகியவற்றின் தேய்மானமே இதற்கு முதன்மைக் காரணம் ஆகும்.

இத்தளர்வைத் திசைமாற்றிப் பெட்டியின் குறையாக மட்டும் கருதி, அப்பெட்டியிலுள்ள திருகை இறுக்குவது பரவலான வழக்கம். ஆனால் தளர்வு பெரும்பாலும் பல இடங்களில் சிறிது சிறிதாகச் சேர்ந்தே உண்டாகிறது. எனவே தேய்ந்த இடத்தைக் கண்டறிதல் முதற்பணியாகவும், பெட்டியைத் திருத்துதல் கடைசிப் பணியாகவும் அமைய வேண்டும்.

சொல் விளக்கம்

திசைமாற்றி என்பது வாகனம் செல்லும் திசையை மாற்றும் அமைப்பு முழுவதற்குமான பெயர். சுக்கான் என்ற சொல்லும் இப்பொருளில் ஆளப்படுகிறது; அது முதலில் கலங்களின் திசைமாற்றும் கருவியைக் குறித்தது. இக்கட்டுரையில் ஓட்டுநர் கையில் பிடிக்கும் வட்டம் திசைமாற்றி வளையம் என்றும், தரையில் உருள்வது சக்கரம் என்றும் வேறுபடுத்திக் குறிக்கப்படுகின்றன.

சக்கரம் அசையாத நிலையில் வளையம் எவ்வளவு தூரம் வெறுமனே திரும்புகிறதோ அந்த அளவு வெற்றசைவு எனலாம். எல்லா வாகனங்களிலும் சிறிதளவு வெற்றசைவு உண்டு. அது வளரும்போதே தளர்வு என்னும் பழுதாகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் 1945 வரை வில்லிஸ் எம்பி, போர்டு ஜிபிடபிள்யூ என்னும் பெயர்களில் ஜீப்புகள் ஐக்கிய அமெரிக்காவில் பெருமளவில் உருவாக்கப்பட்டன. போருக்குப் பின் பொதுமக்கள் பயன்பாட்டுக்காக சிஜே-2ஏ (1945), சிஜே-3ஏ (1949), சிஜே-3பி (1953) ஆகியன வந்தன. வில்லிஸ் சிஜே-3பி உற்பத்தி ஐக்கிய அமெரிக்காவில் 1968 வரை நீடித்தது.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளைக் கூட்டிணைக்கத் தொடங்கியது. சிஜே-3பி வடிவம் இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து உருவாக்கப்பட்டது. சப்பானில் மிட்சுபிசி நிறுவனம் இதே வடிவத்தின் வழிவந்த ஜீப்புகளை 1998 வரை உருவாக்கியது. தமிழகத்தின் மலைத்தோட்டங்களிலும் வனத்துறை, காவல்துறை போன்ற அரசுத் துறைகளிலும் இவ்வகை வண்டிகள் நெடுங்காலம் உழைத்தன. கொண்டை ஊசி வளைவுகளில் திசைமாற்றி நொடிக்கு நொடி வேலை செய்வதால், மலைப்பாதை வண்டிகளில் தளர்வு விரைவில் உணரப்படும் பழுதாகவும் தீங்கு மிகுந்த பழுதாகவும் உள்ளது.

திசைமாற்றியின் அமைப்பு

வளையத்திலிருந்து சக்கரம் வரை விசை ஒரு சங்கிலி போலக் கைமாறிச் செல்கிறது. சிஜே வகைகளில் அச்சங்கிலியின் கண்ணிகள் பின்வருமாறு:

1. திசைமாற்றிப் பெட்டி. இது ராஸ் நிறுவனத்தின் காம்-நெம்புகோல் வகை. வளையத்தின் தண்டு முனையில் திருகுபள்ளம் வெட்டப்பட்ட காம் உள்ளது. நெம்புகோல் ஒன்றில் பொருத்திய இரண்டு கூம்பு முளைகள் அப்பள்ளத்தில் அமர்ந்துள்ளன. காம் சுழலும்போது முளைகள் பள்ளத்தின் வழியே நகர்ந்து நெம்புகோலைத் திருப்புகின்றன.
2. பிட்மன் கை. பெட்டியிலிருந்து வெளிவரும் நெம்புகோல் தண்டின் முனையில் பற்களால் பொருத்தப்பட்ட கை.
3. டிராக் லிங்க். பிட்மன் கையையும் பெல் கிராங்கையும் இணைக்கும் குழாய். இதன் இரு முனைகளிலும் பந்து மூட்டுகளும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்களும் உள்ளன.
4. பெல் கிராங்க். வாகனத்தின் நடுப்பகுதியில், முன் குறுக்குச் சட்டத்தில் பொருத்தப்பட்டுச் சுழலும் நெம்புகோல்.
5. டை ராடுகள். பெல் கிராங்கிலிருந்து இடச் சக்கரத்திற்கு ஒன்றும் வலச் சக்கரத்திற்கு ஒன்றுமாக இரண்டு தண்டுகள்.
6. திசைமாற்றி முட்டிகள். முன் அச்சின் இரு முனைகளிலும் மேலும் கீழுமாக அமைந்த கூம்பு உருளைத் தாங்கிகளில் இவை திரும்புகின்றன. பட்டறைகளில் இப்பகுதி கிங் பின் எனப்படுகிறது.
7. சக்கரத் தாங்கிகள்.

போர்க்கால ஜீப்பில் திசைமாற்றிப் பெட்டியின் விகிதம் 14-12-14 என மாறுபடுவது. அதாவது நேராகச் செல்லும் நிலையில் வளையம் 12 பாகை திரும்பினால் பிட்மன் கை 1 பாகை திரும்பும். இரு ஓரங்களுக்கு அருகில் 14 பாகைக்கு 1 பாகை திரும்பும்.

காமின் பள்ளம் நடுப்பகுதியில் முளைகளைச் சற்று இறுக்கமாகப் பிடிக்குமாறு வெட்டப்பட்டிருக்கும். வாகனம் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதியே முதலில் தேயும் என்பது இதற்குக் காரணம். இந்த நுட்பம் பெட்டியைத் திருத்தும் முறையைத் தீர்மானிக்கிறது.

சிறு தேய்மானம் பெருந்தளர்வாதல்

பெட்டி ஓட்டுநரின் கைவிசையைப் பெருக்கித் தருகிறது. அதே பெருக்கம் எதிர்த்திசையில் தேய்மானத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாகப் பிட்மன் கையின் நீளம் 15 செ.மீ. எனவும், வளையத்தின் விட்டம் 43 செ.மீ. எனவும் கொள்வோம். டிராக் லிங்கின் மூட்டில் 1 மி.மீ. தேய்மானம் இருந்தால் பிட்மன் கை ஏறத்தாழ 0.4 பாகை வீணாகத் திரும்பும். அது 12 மடங்காகி வளையத்தில் ஏறத்தாழ 4.6 பாகை ஆகும். வளையத்தின் விளிம்பில் இது 1.7 செ.மீ. அளவுக்குச் சமம்.

இதே அளவு தேய்மானம் நான்கு மூட்டுகளில் இருந்தால் விளிம்பில் ஏறத்தாழ 7 செ.மீ. வெற்றசைவு தோன்றும். ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே கையால் அசைத்துப் பார்ப்பவருக்கு எதுவுமே பெரிதாகத் தேய்ந்ததாகத் தெரியாது. ஆனால் வாகனம் சாலையில் நேராக நிற்காது.

அறிகுறிகள்

* வளையத்தின் இருபுறமும் வெற்றசைவு மிகுதல்.
* நேரான சாலையிலும் வண்டி அங்குமிங்கும் அலைதல். ஓட்டுநர் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருத்தல்.
* மேடு பள்ளங்களில் வளையம் கையை உதறுதல்.
* குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் கடுமையாக நடுங்குதல். இது பட்டறைகளில் வாப்ளிங் எனப்படுகிறது.
* தடை அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தல்.
* முன் டயர்கள் சீரற்றுத் தேய்தல்.

இவற்றுள் அலைதலும் வெற்றசைவும் ஒன்றல்ல. வெற்றசைவே இல்லாத வண்டியும் அலையக்கூடும். கிங் பின் தாங்கிகளும் சக்கரத் தாங்கிகளும் டை ராடுகளுக்கு அப்பால் உள்ளன. அவை தேய்ந்தால் வளையத்தில் தெரியாமலே சக்கரம் தன்போக்கில் சாயும். காஸ்டர் கோணம் குறைந்துபோவதும் அலைதலை உண்டாக்கும்.

கண்டறிதல்

தரையில் நிற்கும்போது

இச்சோதனைக்கு இருவர் தேவை. வண்டி சமதரையில், சக்கரங்கள் நேராக, இயந்திரம் நிறுத்தப்பட்டு இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கப்பட வேண்டும். ஒருவர் வளையத்தை இடமும் வலமும் சிறிதளவு மாறிமாறித் திருப்ப, மற்றவர் பெட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்து வர வேண்டும். ஒரு கண்ணி அசைந்தும் அடுத்தது அசையாமல் நிற்குமிடமே தளர்வு உள்ள இடம்.

* வளையம் திரும்பியும் பிட்மன் கை அசையவில்லை எனில் தளர்வு பெட்டிக்குள் உள்ளது.
* பெட்டியே அடிச்சட்டத்தின் மீது அசைந்தால், அதைப் பிடித்துள்ள போல்ட்டுகள் தளர்ந்துள்ளன; அல்லது சட்டம் விரிசல் விட்டுள்ளது.
* பிட்மன் கை அசைந்தும் டிராக் லிங்க் அசையவில்லை எனில் பந்து மூட்டு அல்லது அதன் சுருள்வில் பழுதடைந்துள்ளது.
* பெல் கிராங்க் திரும்புவதற்கு முன் சாய்ந்தால் அதன் தாங்கிகள் அல்லது தண்டு தேய்ந்துள்ளன.
* டை ராடு அசைந்தும் முட்டியின் கை அசையவில்லை எனில் டை ராடு முனை தேய்ந்துள்ளது.

ஒரு விரலை மூட்டின் இரு பகுதிகளையும் தொடுமாறு வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

முன்பக்கம் உயர்த்திய நிலையில்

முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்குகாலின் மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ச் செல்லுதல் கூடாது.

சக்கரத்தை உச்சியிலும் அடியிலும் பிடித்து அசைக்க வேண்டும். அசைவு இருந்தால் மற்றவர் தடைமிதியை அழுத்த, மீண்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். தடை சக்கரத்தை முட்டியோடு சேர்த்துப் பூட்டிவிடுவதால், அப்போது அசைவு நின்றால் பழுது சக்கரத் தாங்கியில் உள்ளது. நிற்காவிட்டால் கிங் பின் தாங்கியில் உள்ளது. சக்கரத்தின் இட, வல ஓரங்களைப் பிடித்து அசைத்தால் டை ராடு முனைகளின் தேய்மானம் வெளிப்படும்.

சரிசெய்யும் முறை

சரிசெய்தல் சக்கரத்திலிருந்து தொடங்கிப் பெட்டியை நோக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் சீரான பின்னரே எஞ்சிய வெற்றசைவு பெட்டிக்கு உரியதா என்று தெரியவரும்.

டயர்கள்: காற்றழுத்தம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரே அச்சில் வெவ்வேறு வகை டயர்கள் இருந்தால் அலைதலுக்கு அதுவே போதுமான காரணம்.

சக்கரத் தாங்கிகள்: மரையைச் சக்கரம் இறுகும் வரை திருகி, பின்னர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்த வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. இறுதியில் பூட்டு மரை இறுக்கப்பட்டு, பூட்டுத் தகடு மடக்கப்பட வேண்டும்.

கிங் பின் தாங்கிகள்: மேல் மூடியின் அடியில் உள்ள சிம் தகடுகளை எடுப்பதன் மூலம் இறுக்கம் கூட்டப்படுகிறது. எண்ணெய்த் தடுப்பைக் கழற்றிய நிலையில், முட்டியின் கையைச் சுருள்வில் தராசால் இழுக்கும்போது 12 முதல் 16 இறாத்தல் வரை, அதாவது ஏறத்தாழ 5.5 முதல் 7 கிலோகிராம் வரை, இழுவிசை தேவைப்பட வேண்டும். தாங்கிக் கிண்ணத்தில் உருளைகளின் தடம் பதிந்திருந்தால் தகடு எடுப்பதால் பயனில்லை. தாங்கியை மாற்ற வேண்டும். முட்டிக்குள் மசகு குறைந்து நீர் புகுவதே இத்தாங்கிகள் கெடுவதற்குப் பெருங்காரணம்.

டை ராடு முனைகள்: தேய்ந்தவற்றைத் திருத்த இயலாது, மாற்ற வேண்டும். மாற்றியபின் மரைகளுக்குப் புதிய காட்டர் பின் இட வேண்டும்.

பெல் கிராங்க்: சிஜே வகைகளில் அதிகம் தேய்வதும் அதிகம் கவனிக்கப்படாததும் இதுவே. தரைக்கு அருகில் சேறும் நீரும் படும் இடத்தில் இருப்பதால், மசகு இடப்படாவிட்டால் ஊசித் தாங்கிகள் விரைவில் அழிகின்றன. தண்டு, தாங்கிகள் ஆகியவற்றைச் சேர்த்தே மாற்றுதல் நன்று. தண்டைத் தாங்கும் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அதைச் சீர்செய்யாமல் புதிய தண்டு பொருத்துவதால் பயனில்லை.

டிராக் லிங்க்: முனையிலுள்ள அடைப்புத் திருகின் காட்டர் பின்னை எடுத்துவிட்டு, திருகைப் பந்தின் மீது முழுவதும் இறுக்கிப் பின்னர் சிறிது தளர்த்திப் பூட்ட வேண்டும். இவ்வாறு தளர்த்துவது முனையைப் பொறுத்து அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை ஆகும். உள்ளிருக்கும் சுருள்வில்லும் பந்துக் கிண்ணங்களும் இரு முனைகளிலும் ஒரே வரிசையில் அமைவதில்லை. இரு திசைகளிலிருந்தும் வரும் சாலை அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அவை வேறுபட்ட வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. கழற்றும்போது வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் பிடிப்பு: பெட்டியை அடிச்சட்டத்துடன் இணைக்கும் போல்ட்டுகளை இறுக்கி, சட்டத்தில் விரிசல் உள்ளதா எனத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

திசைமாற்றிப் பெட்டி: இதில் இரு வகைத் திருத்தங்கள் உள்ளன. இவை இரண்டையும் செய்யும்முன் டிராக் லிங்க் பிட்மன் கையிலிருந்து கழற்றப்பட வேண்டும்; அப்போதுதான் பெட்டியின் உராய்வு மட்டும் கைக்குத் தெரியும்.

முதலாவது, காமின் நெடுக்கு அசைவு. வளையத்தை மேலும் கீழுமாக இழுத்தால் அசைகிறது எனில், மேல் மூடியின் அடியிலுள்ள சிம் தகடுகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தண்டு தடையின்றிச் சுழலவும் வேண்டும். நெடுக்காக அசையவும் கூடாது.

இரண்டாவது, முளைகளுக்கும் பள்ளத்திற்கும் இடையிலான இடைவெளி. பக்க மூடியிலுள்ள திருகின் பூட்டு மரையைத் தளர்த்தி, திருகை மெல்ல உட்செலுத்தினால் கூம்பு முளைகள் பள்ளத்தில் ஆழமாக அமர்கின்றன. வளையத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்பும்போது, நடுநிலையைக் கடக்கையில் மட்டும் மிகச் சிறிய இழுப்பு உணரப்பட வேண்டும். அந்நிலையில் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டு மரையை இறுக்க வேண்டும்.

நடுவில் இறுக்கம் வருவதற்குள் ஓரங்களில் சிக்கிக்கொள்ளத் தொடங்கினால், காமின் நடுப்பகுதி அளவுக்கு மீறித் தேய்ந்துள்ளது என்பது பொருள். அப்போது திருகினால் பயனில்லை. காமையும் நெம்புகோல் தண்டையும் மாற்ற வேண்டும்.

சக்கர நேரமைப்பு

மூட்டுகள் மாற்றப்பட்டபின் சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்க வேண்டும். வில்லிஸ் ஜீப்புகளுக்குரிய அளவுகள்:

* காஸ்டர்: 3 பாகை
* கேம்பர்: 1.5 பாகை
* கிங் பின் சாய்வு: 7.5 பாகை
* டோ-இன், அதாவது சக்கரங்களின் முன் ஓரங்கள் உட்குவிந்திருக்கும் அளவு: 3/64 முதல் 3/32 அங்குலம் வரை (ஏறத்தாழ 1.2 முதல் 2.4 மி.மீ.)

இவற்றுள் டோ-இன் மட்டுமே டை ராடுகளால் மாற்றக்கூடியது. முதலில் பெல் கிராங்கின் டை ராடு முனை முன் அச்சுக்குச் செங்குத்தாக நிறுத்தப்படுகிறது. ஒரு பக்கத்து முன், பின் சக்கரங்களின் ஓரமாக நேர்கட்டை அல்லது கயிறு வைத்து, அப்பக்க டை ராடின் நீளத்தால் அச்சக்கரம் நேராக்கப்படுகிறது. பின்னர் மறுபக்க டை ராடால் டோ-இன் அமைக்கப்படுகிறது. பெல் கிராங்கை நேராக நிறுத்தாமல் டோ-இன் மட்டும் அமைத்தால், பெட்டி நடுநிலையிலிருந்து விலகி நிற்கும். அப்போது வண்டி நேராக ஓடும்போது காமின் இறுக்கமான பகுதி பயன்படாமல், தளர்வு மீண்டும் தோன்றும்.

காஸ்டர் குறைவது பெரும்பாலும் முன் பட்டைகள் வலுவிழப்பதாலோ, பட்டைகளை அச்சுடன் பிணைக்கும் யு-போல்ட்டுகள் தளர்வதாலோ ஏற்படுகிறது. எனவே பட்டைகள், அவற்றின் கொக்கிகள், புஷ்கள் ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும்.

தவறான பழுதுநீக்க முறைகள்

பெட்டித் திருகை அளவுக்கு மீறி இறுக்குதல். இதுவே மிகப் பரவலான தவறு. மூட்டுகளின் தளர்வு பெட்டியின் இறுக்கத்தால் தற்காலிகமாக மறைகிறது. ஆனால் வளைவிலிருந்து வெளிவரும்போது வளையம் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. முளைகளும் பள்ளமும் உரசி விரைவில் அழியும். முன்பு தளர்ந்திருந்த வண்டி இப்போது இறுகி, ஓட்டுநர் எதிர்பாராத இடத்தில் சிக்கிக்கொள்ளும். இது தளர்வைவிடத் தீங்கானது.

பற்றவைத்தல். தேய்ந்த பந்தையோ விரிசல் விட்ட கையையோ பற்றவைத்து அரத்தால் தேய்த்துப் பொருத்துவது சில பட்டறைகளின் வழக்கம். பற்றவைப்பின் வெப்பம் உருக்கின் பதத்தைக் கெடுப்பதால் அப்பகுதி முன்னறிவிப்பின்றி முறியலாம். திசைமாற்றியின் கண்ணிகளில் எது முறிந்தாலும் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும்.

எண்ணெய்க்குப் பதில் கெட்டியான கிரீஸ் இடுதல். பழைய பெட்டிகளில் கீழ்த்தடுப்பின் வழியே எண்ணெய் கசியும். கசிவை நிறுத்த கிரீஸ் நிரப்பினால், முளைகள் அதை ஒருமுறை ஒதுக்கித் தள்ளிய பின் அது மீண்டும் அவ்விடத்திற்கு வழிந்து வருவதில்லை. முளைகள் உலர்ந்து தேயும். தடுப்பை மாற்றிப் பற்சக்கர எண்ணெய் இடுவதே முறை.

பிட்மன் கையைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுதல். அடியின் அதிர்ச்சி முளைகளையும் காமையும் பழுதாக்கும். இதற்கெனப் புல்லர் என்னும் இழுகருவி உள்ளது.

வேறு வகைப் பெட்டிக்கு மாற்றுதல்

ஐக்கிய அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் சிஜே ஜீப்புகளில் ராஸ் பெட்டி கைவிடப்பட்டு, சாகினா நிறுவனத்தின் சுழல்குண்டு வகைப் பெட்டி பொருத்தப்பட்டது. இவ்வகையில் உரசும் முளைகளுக்குப் பதிலாக உருளும் எஃகுக் குண்டுகள் விசையைக் கடத்துகின்றன. இதனால் உராய்வும் தேய்மானமும் குறைவு. பழைய ஜீப்புகளை வைத்திருப்போர் சிலர் இப்பெட்டிக்கு மாற்றி, பெல் கிராங்கையும் நீக்கிவிடுகின்றனர். கண்ணிகளின் எண்ணிக்கை குறைவதால் தளர்வு தோன்றும் இடங்களும் குறைகின்றன. எனினும் அடிச்சட்டத்தில் புதிய தாங்குதகடு அமைக்க வேண்டியிருப்பதால், இது தேர்ந்த கைவினைஞர் செய்ய வேண்டிய பணியாகும்.

சட்ட விதி

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இன் 98 ஆம் விதி திசைமாற்றியைப் பற்றியது. இதன்படி வளையத்தின் வெற்றசைவு 30 பாகையை மிஞ்சக் கூடாது. பந்து மூட்டுகள் இரப்பர் மூடிகளால் காக்கப்பட வேண்டும். இணைப்புகளில் உள்ள போல்ட்டுகளும் ஊசிகளும் கழன்றுவிடாதவாறு பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

43 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் 30 பாகை என்பது விளிம்பில் ஏறத்தாழ 11 செ.மீ. ஆகும். இது சட்டத்தின் மேல் எல்லை. நல்ல நிலையின் அளவு அன்று. அவ்வெல்லைக்குள் இருக்கும் வண்டியிலும் ஏதேனும் ஒரு மூட்டு முறியும் தறுவாயில் இருக்கலாம். ஆகவே வெற்றசைவை அளப்பதோடு ஒவ்வொரு கண்ணியையும் பார்த்தல் வேண்டும்.

பராமரிப்பு

ஜீப்பின் டிராக் லிங்க், டை ராடு முனைகள், பெல் கிராங்க் ஆகியவற்றில் கிரீஸ் இடுவதற்கான முலைகள் உள்ளன. நீரிலும் சேற்றிலும் ஓடிய பின் இவற்றில் புதிய கிரீஸ் செலுத்தினால், உட்புகுந்த நீரும் மணலும் வெளித்தள்ளப்படும். திசைமாற்றிப் பெட்டியின் எண்ணெய் மட்டம், முட்டிகளின் மசகு, பெட்டியின் போல்ட்டுகள் ஆகியவற்றையும் இதே வேளையில் பார்ப்பது வழக்கம். மேற்கூறிய தேய்மானங்களுள் பெரும்பாலானவை மசகு இன்மையால் தொடங்குபவை.

இவற்றையும் பார்க்க

* திசைமாற்றி
* ஜீப்
* உருளைத் தாங்கி
* பட்டை வில்
* மசகு